சாவியோடு சேர்த்து

கீழ்க் கட்டிலுக்கு நாளை வரப்போகிறவருக்கு,
பெயர் சரியாகக் காதில் விழவில்லை,
லிங்கம் என்று முடிந்தது.
வண்டி பேஸ்மெண்டில், இருபத்தேழாம் தூணோரம்.
எனக்கு மாவுக்கட்டு. கிளட்ச் பிடிக்கும் கை.
எழுதும் கை மிச்சமிருப்பதால் இது.

முதலில் ஆயில்.
மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்து
ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுங்கள்.
குச்சியைத் துடைத்து, திருகாமல் வைத்து எடுங்கள்.
இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் போதும்.
தேன் நிறம் என்பார்கள்.
ஷார்ஜாவில் ஒரு வாரம்தான் தேன்,
பிறகு சுக்குக் காபி.

மாற்றும்போது
பிரியாணி வந்த ஃபாயில் தட்டை அடியில் வையுங்கள்.
போல்ட்டை இடப்பக்கம் திருப்பினால் கழலும்.
மல்லாந்து படுத்த பிறகு
எது இடம்?
முதல் தடவை அரைமணி நேரம்
கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.
மரை போய்விட்டது.
குல் ஜமான் எண்பது திர்ஹாம் வாங்கினான்,
அதில் பாதி சிரித்ததற்கு.
ஆகவே மாட்டும்போது முதல் இரண்டு சுற்று
விரலால் மட்டும்.
விரலுக்கு வராதது ஸ்பானருக்கும் வராது.
இது வண்டிக்கு மட்டும் சொன்னதல்ல என்று
பெரிய ஆள் போல எழுத ஆசை.
வேண்டாம். வண்டிக்குத்தான்.

பழைய ஆயிலை லபன் பாட்டிலில் ஊற்றி,
மேலே பெரிதாக எழுதி,
ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல்
கராஜில் கொடுத்துவிடுங்கள்.
ஏன் என்று உமர் கத்தாபிடம் கேட்காதீர்கள்.

செயின்: ஓட்டி வந்த சூட்டோடு துடையுங்கள்.
என் பழைய பல் பிரஷ் சீட்டுக்கடியில் இருக்கிறது.
எஞ்சினை அணைத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி,
உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய்.
நடுவில் தூக்கிப் பார்த்தால்
இரண்டு விரல் அளவு ஆட வேண்டும்.
ரொம்ப இறுக்கினால் முனகும்,
தளர்த்தினால் அடித்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைத் தரையில் மெல்லத் தட்டுங்கள்.
போன மாதப் புழுதிக்காற்று
ஒரு கைப்பிடி கொட்டும்.
காகித ஃபில்டர், கழுவக் கூடாது.
நான் கழுவினேன்.
ஷாம்பூ போட்டு.

டயருக்குக் காற்று விடிகாலையில்.
பத்து மணிக்கு மேல் இந்த ஊரில்
டயர் பொய் சொல்லும்.

பிரேக்.
இதைக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு.
முன் பேட் தேய்ந்திருந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
ஒரு சிம் கார்டு கனம்கூட இல்லை.
வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
புதன்கிழமை ரவுண்டானாவில் விழுந்தேன்.
பெட்டிக்குள் சாப்பாடு சூடாகவே இருந்தது.
இன்னொரு பையன் வந்து எடுத்துப் போனான்,
நல்லவன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு.

கம்பெனிக்கு ரோட்டில் மணல் என்று எழுதிக் கொடுத்தேன்.
உங்களிடம் அப்படி எழுத முடியவில்லை.
நாளை நீங்கள் பிடிக்கப்போவது
அதே பிரேக்.

புதுப் பேட் போட்டாயிற்று.
கவரைப் பல்லால் பிரித்தேன்,
வாட்ச்மேன் மொய்னுல் போல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.
முதல் நாள் மெதுவாக ஓட்டுங்கள்,
பேட்டும் டிஸ்கும் பழக வேண்டும்.

வலது கண்ணாடி என் உயரத்துக்கு இருக்கிறது,
திருப்பிக்கொள்ளுங்கள்.
ஹாரன் மழைநாளில் அடிக்காது. மழை வராது.

இன்னொன்று, சைடு ஸ்டாண்டு.
ஊரில் என்றால் எதிரே வருகிறவன்
விரலை மடக்கி மடக்கிக் காட்டுவான்,
பஸ்ஸுக்குள்ளிருந்துகூட ஒரு குரல் வரும்.
இங்கே எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கும்.

நான் எங்கும் போகவில்லை,
மேல் கட்டில்தான், மூன்றாம் மாடி.
ஜன்னல் பாதிதான் திறக்கும்.
கிளம்பும்போது ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.